மூன்றாம் அடி

மனிதருக்குக் கால் இரண்டு. வால்ட்ஸுக்கு அடி மூன்று. அந்த நடனத்தின் சிரமமும் அழகும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன. இடது, வலது, இடது என்று மூன்று எண்ணி முடித்ததும் அடுத்த ஆவர்த்தத்தின் ‘ஒன்று’ வலது காலில் விழுகிறது. அதற்கடுத்தது மறுபடி இடதில். புறப்பட்ட காலுக்கே திரும்ப ஆறு அடி வைத்தாக வேண்டும். நாம் எழுந்து நின்ற நாளிலிருந்து பழகிய நடை இரட்டைக் கணக்கு. ராணுவ அணிவகுப்பிலும் பலமான தட்டு எப்போதும் ஒரே காலுக்குச் சொந்தம். வால்ட்ஸில் அந்தப் பலத்தை எந்தக் காலும் வைத்துக்கொள்ள முடியாது. வாங்கிய கையோடு மற்றதற்குக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று என்கிற எண் தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. ‘தகிட’ என்று சொல்லிப் பழகிய திஸ்ரம் நம்மிடம் இருக்கிறது. கச்சேரியில் உட்கார்ந்து இரண்டு தட்டும் ஒரு வீச்சுமாக ரூபக தாளம் போட்டவர்களுக்கு மூன்றின் நடமாட்டம் நன்றாகவே தெரியும். ஆனால் கை எண்ணும் மூன்று வேறு, கால் சுமக்கும் மூன்று வேறு. கைக்கு உடலைத் தாங்கும் வேலை இல்லை. தொடையில் விழும் தட்டு பிசகினால் அடுத்த தட்டில் சரிசெய்துகொள்ளலாம். கால் பிசகினால் அடுத்த அடி வைக்கக் காலே இருக்காது.

வியன்னாவில் குடியேறிச் சில ஆண்டுகள் கழித்து, நாற்பதைக் கடந்த வயதில், ஒரு நடனப் பள்ளியின் தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே முதலில் கற்றுத் தருவது ஊரின் பெயரைத் தாங்கிய வேகமான வால்ட்ஸை அல்ல, மெதுவான வால்ட்ஸை. ஆங்கில வால்ட்ஸ் என்றும் அதைச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 28 முதல் 30 ஆவர்த்தம். வியன்னா வால்ட்ஸ் அதைவிட இரு மடங்கு வேகம், நிமிடத்துக்கு 60 ஆவர்த்தத்தை ஒட்டி ஓடும். மெதுவானதற்குத் தரையில் ஒரு சதுரத்தை மனதில் வரைந்துகொள்ளச் சொல்கிறார்கள். நடத்திச் செல்பவர் இடது காலை முன்னே வைக்கிறார். வலது காலை வலப்புறம் கொண்டுபோய் வைக்கிறார். இடது காலை அதனோடு சேர்க்கிறார். பிறகு வலது கால் பின்னே, இடது கால் இடப்புறம், வலது கால் சேர்ப்பு. சதுரம் முடிந்தது. தொடர்ந்து ஆடுபவருக்கு அதே சதுரம் எதிர்ப்பக்கத்திலிருந்து: வலது கால் பின்னே, இடது கால் பக்கம், வலது சேர்ப்பு, இடது கால் முன்னே, வலது கால் பக்கம், இடது சேர்ப்பு. ஒருவர் முன்னேறும்போது மற்றவர் பின்வாங்குகிறார். அடுத்த ஆவர்த்தத்தில் முறை மாறுகிறது. காகிதத்தில் எழுதினால் இவ்வளவுதான்.

முன்னே வைப்பதிலும் பக்கத்தில் வைப்பதிலும் புதிதாகக் கற்பவர் யாருக்கும் பெரிய தகராறு வருவதில்லை. சேர்ப்பதில்தான் வருகிறது. கால் வந்து சேர்ந்துவிடும். உடல் பாரம் வந்து சேராது. இரண்டு பாதங்களும் அருகருகே வந்ததும் உடல் பாதிப் பாதியாக நின்றுகொள்ள ஆசைப்படுகிறது. கடை வரிசையிலும் ரயிலடியிலும் அலுவலக வாசலிலும் நாம் நிற்பது அப்படித்தான். பாதிப் பாரம் உடலுக்கு ஓய்வு. வால்ட்ஸ் அந்த ஓய்வைத் தராது. மூன்றாவதாக வந்த காலுக்கு முழு உடலையும் ஒப்படைத்தால்தான் மற்றக் கால் அடுத்த ‘ஒன்று’க்கு விடுபடும். ஒப்படைக்காதவர் அந்தக் கணத்தில் இரண்டு கால்களும் கட்டுண்டு நிற்பார், இசை அவரை விட்டுப் போய்க்கொண்டிருக்கும். எங்கள் ஆசிரியை இதற்கு ஒரு சோதனை வைத்திருந்தார். “காலைச் சேர்த்துவிட்டு அப்படியே நில்லுங்கள். இப்போது மற்றக் காலைத் தரையிலிருந்து எடுங்கள். இடுப்பு அசையாமல் அது எழுந்தால் பாரம் மாறியிருக்கிறது” என்பார். வகுப்பு முழுவதும் இசையில்லாமல் நின்று ஒற்றைக் காலை எடுத்து எடுத்து வைக்கும். எனக்கு அந்த நிமிடங்கள் ஆட்டத்தைவிடப் பிடித்திருந்தன. என் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று அத்தனை வயது வரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

மூவடி என்றதும் நம் மனம் வாமனனிடம் போகும். இரண்டு அடியில் மண்ணையும் விண்ணையும் அளந்துவிட்டு மூன்றாம் அடிக்கு இடம் கேட்டு நின்றவன் அவன். வால்ட்ஸின் மூன்றாம் அடி இடமே கேட்பதில்லை. முதல் அடி நீளத்தை எடுத்துக்கொள்கிறது, இரண்டாம் அடி அகலத்தை எடுத்துக்கொள்கிறது, மூன்றாவது ஏற்கெனவே நிற்கும் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து ஒண்டிக்கொள்கிறது. பார்ப்பவர் கண்ணில் அது படுவதுகூட இல்லை. மெதுவான வால்ட்ஸில் இதற்கு இன்னொரு கடினமும் சேர்கிறது. அங்கே உடல் முதல் அடியில் தாழ்ந்து, பிறகு எழும்பி, மூன்றாம் அடியில் உச்சத்தில் இருக்கும். குதிகால்கள் தரையைத் தொடாது. நிலைப்பு மிகக் குறைந்திருக்கும் அந்த உயரத்தில்தான் பாரம் கைமாற வேண்டும். அதற்குப் பிறகுதான் இறக்கம்.

காலைப் பார்க்காதீர்கள் என்பது எல்லா நடன ஆசிரியர்களும் சொல்வது. மரியாதைக்காகச் சொல்வதென்றே பலரும் நினைக்கிறோம். காரணம் தலையின் எடை. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள ஒன்றைக் கழுத்துக்கு முன்னால் தொங்கவிட்டால் அந்த எடை எதிரே நிற்பவர் மேல் விழுகிறது. அவர் அதைத் தாங்க வேண்டி வருகிறது; இல்லையென்றால் பின்னால் சாய வேண்டி வருகிறது. வால்ட்ஸில் என் பாரம் என் சொந்த விஷயம் அல்ல. நான் எங்கே நிற்கிறேன் என்பதை எதிரே இருப்பவர் தன் கையாலும் மார்புக்கூட்டாலும் ஒவ்வொரு கணமும் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

பிடிமானம் பற்றி ஒரு பெண்ணாக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நடத்திச் செல்பவரின் வலக்கை என் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே. என் இடக்கை அவருடைய வலது மேற்கையில். மற்ற இரண்டு கைகளும் பக்கவாட்டில் கோத்திருக்கும். இருவரும் நேருக்கு நேர் நிற்பதில்லை. அவரவர் இடப்புறம் சற்றே ஒதுங்கி நிற்கிறோம். அப்போதுதான் ஒவ்வொருவருடைய வலது பாதமும் மற்றவரின் இரு பாதங்களுக்கு நடுவே போக வழி கிடைக்கும். பார்வை எதிராளியின் வலது தோளுக்கு மேலே. வகுப்பில் சில நிமிடத்துக்கொருமுறை ஜோடி மாற்றுவார்கள். வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், கல்யாணத்துக்கு முன் அவசரமாகக் கற்றுக்கொள்ள வந்த இளைஞன் என்று ஒவ்வொருவராக வந்து லேசாகத் தலை சாய்த்துக் கையை நீட்டுவார்கள்.

கையில் ஊக்கு வைத்துக்கொண்டு நகரப் பேருந்தில் ஏறிய தலைமுறை நாங்கள். நெரிசலில் மேலே படும் உடல் எதுவானாலும் அதை ஆபத்து என்று படிக்கவே எங்கள் தோல் பழகியிருந்தது. முழங்கையை எங்கே வைப்பது, பையை எப்படி மார்போடு அணைப்பது, எந்தத் தடுப்புக் கம்பி ஓரம் பாதுகாப்பு என்பதெல்லாம் யாரும் வகுப்பெடுக்காமலே கற்றுக்கொண்ட பாடங்கள். அப்படிப்பட்ட உடல் ஒரு அந்நியரின் கையைத் தன் முதுகில் ஏற்றுக்கொள்வது சின்ன விஷயம் அல்ல. ஆனால் இந்தத் தொடுகைக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது, கேட்டுப் பெறும் தொடக்கம். இடம் இருக்கிறது, இந்த எலும்புக்குக் கீழே என்று வரையறுத்த இடம். முடிவும் இருக்கிறது, பாட்டு நின்றதும் கை விலகுகிறது, நன்றி சொல்லப்படுகிறது. கையை நீட்டுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லவும் வகுப்பில் உரிமை உண்டு. என் பேருந்துப் பயணங்களில் இல்லாதது இந்த ஒழுங்குதான் என்பதை வியன்னாவின் மரத் தளத்தில் நின்று புரிந்துகொண்டேன். இதை நான் ஐரோப்பாவின் பெருமையாகச் சொல்லவில்லை. அங்கேயும் இந்தப் பிடிமானத்துக்காகப் பெண்கள் மேல் கொட்டப்பட்ட வசை கொஞ்சமல்ல.

1797 வாக்கில் ஜெர்மானிய மொழியில் ஒரு சிறு நூல் வந்தது. தம் தலைமுறையின் பலவீனத்துக்கு வால்ட்ஸ்தான் முக்கியக் காரணம் என்று சாலமோன் யாக்கோப் வோல்ஃப் என்பவர் அதில் வாதிட்டார். 1816இல் இங்கிலாந்தின் இளவரசர் கொடுத்த விருந்தில் வால்ட்ஸ் ஆடப்பட்டதைக் கண்டு லண்டன் ‘டைம்ஸ்’ கொதித்தெழுந்தது. கவிஞர் பைரன்கூட 1813இல் வால்ட்ஸைச் சாடி நீண்ட கவிதை வெளியிட்டார், அதுவும் தன் பெயர் போடாமல். பெரும்பாலோர் கண்ணை உறுத்தியது ஒன்றே: ஆணும் பெண்ணும் இவ்வளவு நெருக்கமாக நிற்பது. அவர்கள் சுழற்சியை நெருக்கத்துக்கான சாக்கு என்று நினைத்தார்கள். ஒரு மாலை சுழன்று பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

வியன்னா வால்ட்ஸில் ஒவ்வோர் ஆவர்த்தத்துக்கும் அரைச் சுற்று. நிமிடத்துக்கு 60 ஆவர்த்தம் என்றால் 30 முழுச் சுற்று. இரண்டு விநாடிக்கு ஒன்று. சுழன்றுகொண்டே கூடத்தை இடஞ்சுழியாகச் சுற்றி வரவும் வேண்டும். சிறு வயதில் தட்டாமாலை சுற்றியவர்களுக்குத் தெரியும்: கைகளைக் கோத்து, நீட்டி, பின்னால் சாய்ந்து சுற்றினால் உடல் வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும்; பிடி விட்டால் ஆளுக்கொரு மூலையில் விழுவோம். இடைவெளி குறையக் குறைய வெளியே இழுக்கும் விசையும் குறைகிறது. இரண்டு உடல்கள் ஒரே அச்சைச் சுற்ற வேண்டுமென்றால் அந்த அச்சு இருவருக்கும் நடுவே இருக்க வேண்டும். இருவரும் அதற்கு மிக அருகே நிற்க வேண்டும். கண்ணியவான்கள் கண்டித்த அந்த நெருக்கம் இயற்பியலின் கட்டாயம். அதில் இன்பம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அது தொடுவதன் இன்பம் மட்டுமல்ல. தனியாகச் சுழன்றால் அறிய முடியாத ஒரு வேகத்துக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நுழைவதன் இன்பம்.

அந்தச் சுழற்சிக்குள் இன்னொரு நியாயமும் இருக்கிறது. ஓர் ஆவர்த்தத்தில் முன்னே போகிறவர் வெளிவட்டத்தில் நீண்ட அடி வைத்துச் சுற்றி வருகிறார். பின்னே போகிறவர் சிறிய அடி வைத்து அவருக்கு வழிவிடுகிறார். அடுத்த ஆவர்த்தத்தில் இது தலைகீழாகிறது. யாரும் நிரந்தரமாக மையம் இல்லை. நடத்திச் செல்பவர் என்று பெயர் பெற்றவர்கூட ஆட்டத்தின் பாதி நேரம் பின்னால்தான் நடக்கிறார்.

வால்ட்ஸுக்கு முன் அரண்மனைகளை ஆண்டது மினுவெட் என்ற நடனம். அதுவும் மூன்றின் கணக்குதான். ஆனால் அதில் ஜோடிகள் விரல் நுனியால் தொட்டுக்கொண்டு சபையைப் பார்த்து ஆடினார்கள். யார் முதலில் ஆடுவது என்பது பதவி வரிசைப்படி. மற்றவர்கள் நின்று பார்க்க வேண்டும். வால்ட்ஸில் எல்லா ஜோடிகளும் ஒரே நேரத்தில் தளத்தில் இறங்குகின்றன. எந்த ஜோடியும் சிம்மாசனத்தைப் பார்ப்பதில்லை. சுழல்கிறவர் யாரையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆல்ப்ஸ் அடிவாரக் குடியானவர்கள் கனத்த காலணிகளோடு தரையை உதைத்து ஆடிய லேண்ட்லர் நடனம், நகரத்தின் வழுவழுப்பான மரத் தளத்துக்கு வந்ததும் உதைப்பு வழுக்கலாகி வேகம் பிடித்தது. அடித்தளத்திலிருந்து மேலே ஏறிய கலை இது. மேலே இருந்தவர்களின் கோபத்தில் ஒழுக்கத்தோடு இந்த வருத்தமும் கலந்திருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

1774இல் வெளிவந்த ‘இளம் வெர்தரின் துயரங்கள்’ நாவலில் கதே ஒரு கிராமத்து நடன விருந்தை விவரிக்கிறார். வால்ட்ஸ் தொடங்கும்போது முதலில் ஒரே குழப்பம், ஏனென்றால் அங்கே பெரும்பாலோருக்கு ஆடத் தெரியாது. வெர்தரும் அவன் மனம் பறிகொடுத்த லோட்டேயும் சாமர்த்தியமாக ஒதுங்கி நின்று, தடுமாறுகிறவர்கள் களைத்துப்போய்த் தளத்தைக் காலி செய்த பிறகே இறங்குகிறார்கள். இலக்கிய வாசகர்கள் எல்லோரும் அதற்குப் பின் வரும் காதல் பித்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். தான் நேசிக்கும் பெண் தன்னைத் தவிர வேறு யாரோடும் வால்ட்ஸ் ஆடக் கூடாது என்று வெர்தர் சபதமெடுப்பதை. நான் அந்தத் தடுமாறியவர்களை நினைத்துக்கொள்கிறேன். 250 ஆண்டுகளுக்கு முன்னால் அந்தக் கிராமத்தில் அவர்களுடைய மூன்றாம் அடியும் பாரம் மாறாமல்தான் நின்றிருக்கும்.

வியன்னாவில் 1808இல் அப்போலோ மண்டபம் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆடும் அளவுக்குப் பெரிய அந்தக் கேளிக்கை மாளிகையைக் கட்டியவர் சிக்மண்ட் வோல்ஃப்சோன். செயற்கை உறுப்புகளும் மருத்துவக் கட்டுகளும் செய்து விற்றவர். கால் இழந்தவர்களுக்குக் கால் செய்து கொடுத்தவர் ஒரு நகரத்துக்கே ஆடுதளம் அமைத்தார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மனதை நிறைக்கும் செய்தி. நெப்போலியனுக்குப் பிறகான ஐரோப்பாவைப் பங்கு பிரிக்க 1814–15இல் அரசர்களும் தூதர்களும் அதே நகரத்தில் கூடினார்கள். பகலில் பேச்சுவார்த்தை நகரவில்லை, இரவில் நடனம் நிற்கவில்லை. அந்த மாநாடு முடிந்து திரும்பியவர்கள் வால்ட்ஸைத் தங்கள் தலைநகரங்களுக்கு எடுத்துப் போனார்கள்.

யோசஃப் லானரும் மூத்த யோஹான் ஸ்ட்ராஸும் அதற்கு இசை கொடுத்தார்கள். மகன் ஸ்ட்ராஸ் அதை உலகத்தின் இசையாக்கினார். அவர்களுடைய வால்ட்ஸ்கள் ஒரு வகையில் ஆடுபவர்களின் தேவையைத் தெரிந்து கட்டப்பட்டவை. நேரடியாகத் தாளத்தில் தொடங்குவதில்லை. மெதுவான ஒரு முன்பகுதி உண்டு. 1867இல் முதன்முதலில் அரங்கேறிய ‘நீல டான்யூ’பின் தொடக்கத்தில் வயலின்கள் வெறுமே நடுங்கிக்கொண்டிருக்கும், கொம்பு வாத்தியம் மெட்டைத் தொட்டுத் தொட்டு நிறுத்தும். கச்சேரியாகக் கேட்டபோது அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். தளத்தில் நின்று கேட்கும்போதுதான் அதன் பயன் தெரிகிறது. எழுந்து வர, கேட்க, கை கொடுக்க, பிடிமானத்தைச் சரிசெய்ய, மூச்சை இழுத்துவிட அந்த நேரம் வேண்டும். கார்ல் மரியா ஃபான் வேபர் 1819இல் எழுதிய ‘நடனத்துக்கு அழைப்பு’ என்ற பியானோ படைப்பு இந்தச் சடங்கையே இசையாக்கியது. ஆண் கேட்கிறான், பெண் தயங்கிப் பதில் சொல்கிறாள், இருவரும் தளத்துக்கு வருகிறார்கள், ஆடுகிறார்கள், கடைசியில் அவன் நன்றி சொல்லி அவளை இருக்கையில் கொண்டுவிடுகிறான். ஆட்டம் முடிந்ததும் படைப்பு முடிந்தது என்று நினைத்துச் சபை கைதட்டிவிடுவது வழக்கம். நன்றி சொல்லும் பகுதி அந்தக் கைதட்டலில் மூழ்கிப்போவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வியன்னாக்காரர்களின் தாளத்தில் ஒரு விசேஷம். மூன்று தட்டும் சம இடைவெளியில் விழுவதில்லை. இரண்டாவது சற்று முந்திக்கொள்ளும். அதனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நூலிழை அளவு கூடுதல் நேரம் கிடைக்கும். சுரத்தாளில் இது எழுதப்பட்டிருக்காது. வாத்தியக்காரர்கள் கேட்டுக் கேட்டுப் பழகுவது. காலப்பிரமாணம் அணுவும் பிசகக் கூடாது என்று வளர்ந்த நம் காதுக்கு முதலில் அது கோணலாகப் படும். கால்களுக்கு அது வரப்பிரசாதம். முந்தி வரும் இரண்டு உடலை அகல அடிக்குத் தள்ளிவிடுகிறது, கிடைத்த அந்த மிச்ச நேரத்தில் மூன்றாம் கால் வந்து சேர முடிகிறது. வேகமான வால்ட்ஸில் பாரம் மாற்ற இசையே இடம் ஒதுக்கித் தருகிறது.

சதுரம் போட்டு ஆடும் மெதுவான வால்ட்ஸுக்கு வயது குறைவு. முதல் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் அது இன்றைய வடிவத்தை அடைந்தது. 1922இல் உலக நடனப் போட்டியில் வென்ற விக்டர் சில்வெஸ்டர் போன்றவர்களும் லண்டனின் நடன ஆசிரியர் சங்கத்தாரும் 1920களில் அடிகளை வரையறுத்தார்கள். பக்கத்தில் வைத்த காலோடு மற்றக் காலைச் சேர்ப்பது விதியானது அந்தக் காலத்தில்தான். சில்வெஸ்டர் பின்னாளில் சொந்த இசைக்குழு அமைத்து, வேகம் துளியும் மாறாத நடன இசைத்தட்டுகளை வெளியிட்டார். இந்த அளவு நறுக்கலில் ஏதோ போய்விட்டது என்று வியன்னா விசுவாசிகள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேகத்தில் ஒளிந்துகொள்ளும் குறைகள் மெதுவானதில் தப்ப முடியாது. சேராத பாரம் அங்கே அப்பட்டமாகத் தெரியும். கற்பவருக்கு அதைவிடப் பெரிய கருணை என்ன?

வியன்னா நகரம் வால்ட்ஸை அருங்காட்சியகத்தில் வைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். நவம்பர் 11இல் தொடங்கும் விழாக்காலத்தில், பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில், நூற்றுக்கணக்கான நடன விருந்துகள் நடக்கின்றன. காபிக் கடைக்காரர்களுக்கு ஒன்று, இனிப்புப் பண்டம் செய்பவர்களுக்கு ஒன்று, வேட்டைக்காரர்களுக்கு, மருத்துவர்களுக்கு, வழக்கறிஞர்களுக்கு என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று. மகன் ஸ்ட்ராஸ் பொறியியல் மாணவர்களின் விருந்துக்காக ‘முடுக்கங்கள்’ எழுதினார், பத்திரிகையாளர்களின் விருந்துக்காக ‘காலைப் பத்திரிகைகள்’ எழுதினார். பதினைந்து, பதினாறு வயதில் நடனப் பள்ளிக்குப் போவது இன்றும் இங்கே சாதாரணம். டிசம்பர் 31 பிற்பகலில் நகர மையத்தின் கிராபன் வீதியில் நடனப் பள்ளிக்காரர்கள் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் வால்ட்ஸ் சொல்லித் தருகிறார்கள். கம்பளி மேலங்கியும் பனிக் காலணியுமாக, கல் பாவிய தெருவில், சுற்றுலா வந்தவர்கள் முன்னே, பக்கம், சேர் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். நள்ளிரவில் புனித ஸ்டீஃபன் தேவாலயத்தின் பெரிய மணி அடித்து முடித்ததும் வானொலியில் ‘நீல டான்யூப்’ வரும். பகலில் கற்றதை வைத்துத் தெருவிலேயே ஆடுவார்கள். அந்தத் தெரு வகுப்பில் நிற்கும் ஒருவரையும் நான் அலட்சியமாகப் பார்த்துக் கடந்ததில்லை.

அரசு இசை நாடக அரங்கின் நடன விருந்துதான் இவற்றில் எல்லாம் பிரசித்தம். தொடக்க ஆட்டத்தை இளம் ஜோடிகள் ஆடுவார்கள். வெள்ளை உடையில் பெண்கள், கறுப்பு உடையில் ஆண்கள். அவர்கள் ஆடுவது இடப்பக்கமாகச் சுழலும் வால்ட்ஸ். வலப்பக்கச் சுழற்சியைவிடக் கடினமானது. அவர்கள் ஆடி முடித்ததும் ‘எல்லோரும் வால்ட்ஸ்’ என்று குரல் எழும், தளம் மற்றவர்களுக்குத் திறக்கும். 2020இல் அந்தத் தொடக்க அணியில் இரண்டு பெண்கள் ஒரு ஜோடியாக ஆடினார்கள். அந்த அரங்கின் வரலாற்றில் அதுவே முதல் முறை. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக எழுதின. நடத்திச் செல்பவர், தொடர்பவர் என்ற பாத்திரங்கள் உடலின் அமைப்பிலிருந்து வந்தவை அல்ல, பழக்கத்திலிருந்து வந்தவை என்பதை வகுப்பில் உள்ளவர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். ஆண்கள் குறைந்தால் பெண்கள் நடத்துவது எல்லா நடனப் பள்ளிகளிலும் நடப்பதுதான்.

எங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு மாலை வந்தது. “யாராவது நடத்திச் செல்ல விரும்புகிறீர்களா?” என்று ஆசிரியை பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். கை தூக்கினேன். புதிதாக ஒரு சதுரம் கற்க வேண்டியிருக்கும் என்று நினைத்தால், இருப்பது அதே சதுரம்தான். தொடர்பவரின் நான்காம் அடியிலிருந்து தொடங்கினால் அதுவே நடத்துபவரின் முதல் அடி. ஒரு பாத்திரத்தைக் கற்றவர் தெரியாமலே மற்றதையும் கற்றுவிடுகிறார். மாறுவது வேறு ஒன்று. ‘ஒன்று’ விழுவதற்கு முன்பே எங்கே போகிறோம் என்று என் உடல் முடிவெடுத்திருக்க வேண்டும். அதைக் கையால் தள்ளிச் சொல்லக் கூடாது. என் பாரம் நகரத் தொடங்குவதை எதிரே இருப்பவரின் முதுகு என் உள்ளங்கை வழியாக அறிய வேண்டும். இத்தனை காலம் நான் வாசித்துக்கொண்டிருந்ததை இப்போது எழுதுகிறேன். என்னோடு ஆடியவர் என்னைவிட மூத்த ஒரு பெண்மணி. கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்.

இப்போது இடப்பக்கச் சுழற்சியை இரண்டு பாத்திரங்களிலும் பழகிக்கொண்டிருக்கிறேன். அதில் முன்னே போகிறவரின் மூன்றாம் அடி மற்றக் காலோடு சேர்வதில்லை. இடது பாதம் வலது பாதத்துக்கு முன்னால் குறுக்கே வந்து அமர்கிறது. முழங்கால்கள் ஒன்றையொன்று உரச, பாதங்கள் பின்னிக்கொண்டு நிற்கும் நிலை. நிற்கவே இடம் போதாததுபோல் இருக்கும். அந்தக் குறுக்குக் காலுக்கும் முழுப் பாரத்தையும் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் அதன் பின்னே சிக்கியிருக்கும் வலது கால் விடுபட்டு நான்காம் அடியாகப் பின்னால் போக முடியும்.